விழுப்புண்ணும் வீட்டுப்படியும்

சக்கர நாற்காலி ஒன்றின் அகலம் ஏறத்தாழ 26 அங்குலம். நம் ஊர்ப்புற வீடுகளில் கழிப்பறைக்கு வைக்கும் கதவு பெரும்பாலும் இரண்டடி, அதாவது 24 அங்குலம். இடையே குறைகிற இரண்டு அங்குலத்தில் ஒரு மனிதரின் மானம் நாள்தோறும் சிக்கிக்கொள்கிறது. எல்லையில் காலையோ தண்டுவடத்தின் வலிமையையோ கொடுத்துவிட்டு வந்தவர், கழிப்பறை வாசலில் நாற்காலியை விட்டு இறங்கி, ஈரத் தரையில் உள்ளங்கைகளை ஊன்றி உடலை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இல்லையேல் வேலைக்குப் போன மனைவி திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆரம்பாக்கம் தமிழகத்தின் வடகோடியில் இருக்கிறது. சற்றே வடக்கே போனால் தடா, ஆந்திர மண். கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் நீர்ப்பரப்பு. வடகிழக்குப் பருவமழையையும் புயலையும் பழகிய இப்பகுதியில் வீடு கட்டுவோர் முதலில் கருதுவது வெள்ளத்தை. ஆகவே அடித்தளத்தை இயன்றமட்டும் உயர்த்துகிறார்கள். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே ஆலை வாயில்களில் காவல் நிற்போருள் சீருடை மாறினாலும் நிமிர்வு மாறாத முன்னாள் படைவீரர்களைக் காணலாம். 1986-ல் அமைந்த டெக்ஸ்கோ எனும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் அவர்களுக்குத் திறந்துவிட்ட வாழ்வழி அது. ஆனால் நிற்க முடிந்தவருக்கே அந்த வழி. நிற்க முடியாதவருக்கு எஞ்சியிருப்பது வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டின் கணக்கைப் பார்ப்போம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும் என்பது நாட்டின் கட்டட வழிகாட்டு நெறி. வெள்ளத்துக்கு அஞ்சி இரண்டடி உயர்த்திய வாசலுக்கு 24 அடிச் சாய்தளம் வேண்டும். வாசலுக்கும் தெருவுக்கும் இடையே ஆறடிகூட இல்லாத மனையில் அதை எங்கே போடுவது? பக்கச் சந்தில் மடித்துப் போட வேண்டும். மடியும் இடத்தில் நாற்காலி திரும்ப ஐந்தடி மேடை வேண்டும். இருபுறமும் கைப்பிடிக் குழாய் வேண்டும். உள்ளே நிலையைப் பெயர்த்துக் கதவை அகலமாக்க வேண்டும், கழிப்பறையை இடித்துக் கட்ட வேண்டும், வழுக்காத கல் பதிக்க வேண்டும். கொத்தனாரைக் கேட்டால் முதல் நாளே தொகை சொல்லிவிடுவார்.

இதற்கு அரசு தருவது என்ன? மைய முப்படைவீரர் வாரியத்தின் பாதுகாப்பு அமைச்சர் நல நிதியில் வீடு பழுதுபார்ப்பு மானியம் என்று ஓர் இனம் உண்டு. தொகை 20,000 ரூபாய். நூறு விழுக்காடு ஊனமுற்ற முன்னாள் படைவீரருக்கும், பெற்றோரை இழந்த படைவீரர் மகளுக்கும் அது உரியது. ஓட்டை மாற்றவும் சுவரைப் பூசவும் எண்ணி வகுத்த தொகை அது. உடலுக்கேற்ப வீட்டைத் திருத்துவது என்னும் எண்ணமே அந்தப் பெயரில் இல்லை. போரிலோ பணியிலோ ஊறுபட்டவர் வீடு கட்ட வங்கிக் கடன் வாங்கினால் வட்டியில் பாதியை ஒரு லட்சம் ரூபாய் வரை ஈடுசெய்யும் ஏற்பாடும் உண்டு. அது கடன் கிடைக்கக் கூடியவருக்கு. 2025 அக்டோபரில் முதியோர் வறுமை உதவியும், கல்வி, திருமண உதவிகளும் இருமடங்கு ஆக்கப்பட்டன. வரவேற்கிறோம். அந்த அறிவிப்பில் வீட்டுக்கு இடமில்லை.

தொகையைவிடத் தகுதி வரம்பே நம்மை அதிகம் வருத்துகிறது. நூறு விழுக்காடு என்கிறது விதி. ஒரு காலைத் தொடைக்கு மேலே இழந்தவருக்கு மருத்துவக் குழு தரும் விழுக்காடு நூறைத் தொடுவதில்லை. அவர் வீட்டுப் படி மட்டும் அதனால் தாழ்ந்துவிடுமா? ஓய்வூதியக் கணக்கில் அரசே இந்தக் கடுமையைத் தளர்த்தியிருக்கிறது. ஐம்பதுக்குக் குறைந்ததை ஐம்பதாகவும், ஐம்பது முதல் எழுபத்தைந்து வரை உள்ளதை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேற்பட்டதை நூறாகவும் கொள்ளும் முறை பணியினின்று மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டவர்க்கு 1996 முதல் உண்டு. ஓய்வு வயதில் வெளிவந்தவர்க்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஓய்வூதியத்துக்கு நூறு என்று எழுதப்பட்டவர் வீட்டு மானியத்துக்கும் நூறுதான் என்று ஒரு வரி ஆணையில் எழுதுவதற்கு என்ன தடை?

காரணத்தைத் தோண்டும் வழக்கமும் பழையது. ஊறு பணியால் வந்ததா, பணியில் இருந்தபோது தானே வந்ததா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறார்கள். சேரும்போது குறையேதும் பதியப்படாதிருந்தால், பின்னர் வந்தது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும், அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு படைத்துறையுடையது என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதன் பின்னும் ஆயுதப்படைத் தீர்ப்பாயங்களின் முன் ஊனமுற்ற வீரர்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். ஓய்வூதியத்தின் அளவை முடிவுசெய்யக் காரணம் வேண்டியிருக்கலாம். கழிப்பறைக் கதவை அகலமாக்கக் காரணம் எதற்கு?

காலம் செய்யும் வேலையையும் விதி பார்ப்பதில்லை. 1987 இறுதியில் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் சென்று கண்ணிவெடியில் காலிழந்த இருபத்திரண்டு வயது இளைஞர் இன்று அறுபதை எட்டிவிட்டார். அன்று புணேயின் செயற்கை உறுப்பு மையத்தில் பொருத்திய காலுடன் படியேறினார், மிதிவண்டி ஓட்டினார், மகளைத் தோளில் தூக்கினார். முப்பதாண்டுகள் முழுச்சுமையும் தாங்கிய மறுகால் மூட்டு தேய்ந்துவிட்டது. ஊன்றுகோலை அழுத்தி அழுத்தித் தோள்பட்டை ஓய்ந்துவிட்டது. மருத்துவ வாரியம் விடைகொடுத்த நாளில் எழுதிய எண் மட்டும் அப்படியே இருக்கிறது. இளமையில் அவருக்கு வேண்டாதிருந்த சாய்தளம் முதுமையில் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை என்னும் மானிய முறை இதை எப்படி உணரும்?

அமெரிக்காவில் ஊனமுற்ற படைவீரரின் வீட்டைத் திருத்தியமைக்கும் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. இன்று அத்தொகை ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அந்த நாட்டின் செல்வத்தோடு நம் கருவூலத்தை ஒப்பிட நாம் வரவில்லை. அங்கே தகுதியை வகுத்த முறை கருதத்தக்கது. எந்த உறுப்பு பயனிழந்தது, துணையின்றி நடக்கவும் நிலைநிற்கவும் இயலுமா, பார்வை எவ்வளவு என்று உடலின் இயக்கத்தைக் கேட்கிறார்கள். தொகையை வாழ்நாளில் ஆறு முறை வரை பகுத்துப் பயன்படுத்தவும் இடமளித்திருக்கிறார்கள். மூப்பும் இடமாற்றமும் வரும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது.

நம் மண்ணுக்கு இந்த எண்ணம் புதிதன்று. செங்கம், தருமபுரிப் பக்கங்களில் இன்றும் நிற்கும் நடுகற்கள் ஆநிரை மீட்டு மாண்டவனின் பெயரைச் சுமக்கின்றன. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட செய்தியைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. மார்பில் ஏற்ற புண்ணுக்கு விழுப்புண் என்று தனிப்பெயர் வைத்த மொழி இது. வீழ்ந்தவனுக்குக் கல் நட்டோம். புண்ணோடு வீடு திரும்பியவனின் வாசற்படியை எவர் குனிந்து பார்த்தார்?

படைவீரர் என்ற சொல்லுக்குள்ளேயே வராதவர்களும் இருக்கிறார்கள். பயிற்சிக் கழகங்களில் முதுகெலும்பு முறிந்து வெளியேற்றப்பட்ட இளைஞர்கள் முன்னாள் படைவீரர் தகுதியைப் பெறுவதில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவர்கள் நிலையை விசாரித்தது. அதை ஒட்டியே முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அவர்களுக்குத் திறந்தது. அக்னிவீரர் ஊனமுற்றால் விழுக்காட்டுக்கேற்ப 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒருமுறை கருணைத்தொகை உண்டு. இருபது வயதில் கைக்கு வந்த தொகை, அறுபது வயதில் வீட்டைத் திருத்த மிஞ்சியிருக்காது.

இனி அலுவலகங்கள். படைமருத்துவ வாரியம் தந்த விழுக்காடு ஒன்று. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அரசு மருத்துவர் தரும் விழுக்காடு மற்றொன்று. ஓர் உடலுக்கு இரண்டு எண்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டு வசதித் திட்டங்களில் ஐந்து விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு தருகிறது, அது குடிசைவாசிகளுக்கு. ஓட்டுவீடோ சிறிய தளவீடோ உள்ள ஊனமுற்ற வீரர் எந்தக் கதவைத் தட்டுவது? கேட்கப் போகவும் அவர் மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்குத்தான் போக வேண்டும். ஆரம்பாக்கம் நிலையத்தில் நிற்கும் ரயில் கூடூர் வழித்தடத்து ரயில். திருவள்ளூர் இருப்பதோ அரக்கோணம் வழித்தடத்தில். சென்னைக்குப் போய் மாறி, மீண்டும் மேற்கே வர வேண்டும். சாலை வழி என்றால் கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாகப் பேருந்து மாறிப் போக வேண்டும். செயற்கைக் கால் பூட்டியவர் பேருந்துப் படியில் எத்தனை முறை ஏறி இறங்குவார்?

ஆகவே மாநில அரசையும் மைய வாரியத்தையும் கேட்கிறோம். விழுக்காட்டு வரம்பை எடுத்துவிட்டு, அவர் தம் வீட்டுக்குள் துணையின்றிப் படுக்கை, சமையலறை, கழிப்பறை, வாசல் ஆகிய நான்கையும் எட்ட முடிகிறதா என்பதைத் தகுதியாக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பொறியாளரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வந்து அளந்து மதிப்பிட்டு, மதிப்பீட்டின்படி தொகை வழங்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரையும் விட்டுவிடக் கூடாது. வீட்டுக்காரரின் இசைவு போதும். பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி வந்து பார்க்க வேண்டும்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ல் கொடிநாள் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளின் சட்டையிலும் சிப்காட் தொழிலாளரின் சட்டையிலும் அந்தச் சிறு கொடி குத்தப்படுகிறது. உண்டியலில் காசு விழுகிறது. வரும் கொடிநாளுக்கு முன்பாக, அளவு நாடாவோடு ஓர் அலுவலர் ஆரம்பாக்கத்தில் ரயிலைவிட்டு இறங்கட்டும்.