கல்வராயன் சரிவுக்கு எந்த வழி?

மலையில் பண்ணை வீட்டுக்குத் தோட்டம் கேட்டு நம்மிடம் வருபவர் பெரும்பாலும் ஊட்டியைத்தான் கேட்கிறார். மட்டமான புல்தரை, அடுக்குப் பாத்தி, வரிசையாக சில்வர் ஓக். நம்மில் பலரும் மறுபேச்சில்லாமல் பொக்லைனுக்குச் சொல்லிவிடுகிறோம்.

அந்த ஊட்டியை உருவாக்கியவர் மெக்ஐவர். கியூ தோட்டத்தில் பயின்று 1848இல் வந்தவர். சதுப்பாகக் கிடந்த சரிவை வடித்து, படிப்படியாக வெட்டி, தாவரவியல் பூங்காவாக்க அவருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. பெரும் உழைப்பு அது. ஆனால் கல்வராயன் மலையின் பெரும்பகுதி ஊட்டியின் பாதி உயரத்துக்கும் கீழே இருக்கிறது. வெயில் வேறு, மழை வேறு, மண் வேறு.

நமக்குப் பொருந்தும் ஆசான் ஜெஃப்ரி பாவா. 1948இல் இலங்கையின் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அப்போது அவர் வழக்கறிஞர். லுனுகங்கா என்ற அந்தத் தோட்டம்தான் அவரைக் கட்டடக் கலைக்கே இழுத்துச் சென்றது. 2003இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். அங்கே நட்டதைவிட நீக்கியது முக்கியம். எதிர்க் குன்றில் மரங்களைக் களைந்ததும் தொலைவிலிருந்த கட்டகுலிய விகாரை தோட்டத்துக்குள் வந்துவிட்டது. இடையில் ஊர்ப்பாதை ஒன்று உண்டு. அது பள்ளத்தில் போவதால் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. 18ஆம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரவுன் போன்றவர்கள் இங்கிலாந்தின் மாளிகைத் தோட்டங்களில் வேலியை மறைக்கக் கையாண்ட அதே உத்தி. ஈழத்தலரிக் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, அவை படர்ந்து விரியக் காத்திருந்தார். அவசரக்காரருக்கு வராத வேலை.

கல்வராயனில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். கடுக்காய், பலா, புளி ஏற்கெனவே நிற்கின்றன. சரிவை மட்டமாக்கினால் பெயர்ந்த மண் முதல் மழையிலேயே ஓடையில் இறங்கும். கோமுகி அணைக்குப் போகும் நீர் அது. சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினருக்கு எந்த ஓடை எப்போது பெருகும் என்பது தெரியும். அவர்களைக் கூலிக்குக் குழி தோண்ட மட்டும் அழைப்பது நம் தொழிலுக்கே இழிவு. ஆலோசனைக் கட்டணம் கொடுத்து, வரைபடத்தில் அவர்கள் பெயரையும் எழுத வேண்டும்.

நண்பர்களே, அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று விதிகளைச் சேருங்கள்: நிற்கும் மரங்களின் கணக்கெடுப்பு முடியும்வரை இயந்திரம் ஏறக் கூடாது, ஒரு மழைக்காலம் முழுவதும் நீர் ஓடும் தடத்தைக் குறிக்க வேண்டும், ஒப்படைத்த பிறகும் மூன்றாண்டுப் பராமரிப்பு நம் பொறுப்பு. உரிமையாளர் மறுத்தால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

— ஆசிரியர்