அருணாசல மலையடிவாரமும் ‘நபர்’ என்ற சொல்லும்

திருவண்ணாமலையில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் தாக்கப்பட்டால் முதலில் எழும் குரல் ‘ஊரின் பெயர் கெட்டுவிட்டது’ என்பதுதான். 2018 ஜூலையில் ரஷ்யப் பெண் ஒருவர் விடுதியில் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவானபோது அக்குரல் எழுந்தது. 2025 மார்ச்சில் பிரெஞ்சுப் பெண் ஒருவர், மலைக்கு அழைத்துச் சென்ற வழிகாட்டி மீது புகார் அளித்தபோதும் எழுந்தது. ஆன்மிக பூமி, விருந்தினர், சுற்றுலா வருவாய் எனப் பேச்சு நீள்கிறது. அப்பெண்ணின் உரிமை அதில் இடம்பெறுவதில்லை. பாதுகாப்பை விருந்தோம்பலாகக் கருதும் சமூகம், விருந்தினர் அல்லாதவருக்கு அதைத் தர வேண்டிய கடமை இருப்பதாக உணர்வதில்லை.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி வாழும் வெளிநாட்டவர் பலர் இரண்டு நாள் பயணிகள் அல்லர். வீட்டை வாடகைக்கு எடுத்து மாதக்கணக்கில் தங்குபவர்கள். வீட்டு உரிமையாளர், ஆட்டோ ஓட்டுநர், விடுதிக்காரர், வழிகாட்டி ஆகியோரே அவர்களது அன்றாட உலகம். மேற்சொன்ன இரு வழக்குகளும் இந்த அறிமுக வட்டத்துக்குள் எழுந்தவை. ஆயினும் பின்னர் வைக்கப்படும் கோரிக்கை எது? கிரிவலப் பாதையில் படுத்திருப்போரை அப்புறப்படுத்து, சாமியார்களைக் கணக்கெடு, ஊசிமணி விற்போரை விசாரி. பணம் வாங்கிக்கொண்டு அறை கொடுப்பவரையும் மலையேற்றுபவரையும் விட்டுவிட்டு, கூரையற்றவர் மீது சந்தேகம் திரும்புகிறது.

இந்தச் சந்தேகத்துக்குச் சாதி உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. அதன் மனப்பான்மை காவல் நிலையத்தில் இன்னும் பணியில் இருக்கிறது. ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்ற பெயரில் சிறை விதிகளில் அது தொடர்ந்ததை 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. திருட்டுப் புகாரின் பேரில் 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு உயிருடன் திரும்பவில்லை. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள திருக்கோவிலூரில் 2011 நவம்பரில், திருட்டு விசாரணை என்று சொல்லி இருளர் குடும்பத்தினர் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் நான்கு பெண்கள் காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் அளித்தனர். ஒரு வெளிநாட்டவரின் கைப்பேசி காணாமல் போய், ‘விரைந்து பிடி’ என மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால், அந்த வேகம் யார் குடிசையில் போய் நிற்கும் என்பதை நாம் அறிவோம்.

2025 செப்டம்பர் இறுதியில் அதே திருவண்ணாமலையின் புறவழிச்சாலையில், ஆந்திராவிலிருந்து சரக்கு வாகனத்தில் வந்த இளம்பெண்ணை இரண்டு காவலர்களே வன்கொடுமை செய்ததாக வழக்குப் பதிவானது. இருவரும் கைதாகி, பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் இரவு ரோந்துக்கு அனுப்பப்பட்டவர்கள். ரோந்தை அதிகப்படுத்துவதே தீர்வு என்போர் இந்த வழக்கையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1998 பிப்ரவரியில் ஹவுரா ரயில் நிலையத்தின் யாத்ரி நிவாஸில் வங்கதேசப் பெண் ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். சந்திரிமா தாஸ் என்ற கல்கத்தா வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர் அயல்நாட்டவர், அரசமைப்பின் கீழ் இழப்பீடு கோர முடியாது என்று ரயில்வே வாதிட்டது. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. பேச்சுரிமை தரும் 19ஆம் உறுப்பு குடிமக்களைப் பற்றிப் பேசுகிறது. சமத்துவம் தரும் 14ஆம் உறுப்பும், உயிர்வாழும் உரிமை தரும் 21ஆம் உறுப்பும் ‘நபர்’ என்றே சொல்கின்றன. குடியுரிமையைக் கேளாத அந்தச் சொல் சாதியையும் கேட்பதில்லை.

ஆனால் கடிகாரம் கேட்கிறது. 2006 மார்ச்சில் ராஜஸ்தானின் ஆல்வாரில் ஜெர்மானியப் பெண்ணை வன்கொடுமை செய்தவர் ஒடிசாவின் உயர் காவல் அதிகாரி ஒருவரின் மகன். ஒரே மாதத்துக்குள் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. (பரோலில் வெளிவந்து தலைமறைவான அவர் 2013இல்தான் கேரளத்தில் பிடிபட்டார் என்பது வேறு கதை.) நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியின் வாச்சாத்தியில் 18 பழங்குடிப் பெண்கள் அரசு ஊழியர்களால் வன்கொடுமைக்கு ஆளானது 1992 ஜூன் 20 அன்று. தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2023 செப்டம்பரில். ஹவுரா வழக்கின் அதே 10 லட்சம். குற்றம் நடந்து 31 ஆண்டுகளுக்குப் பின்.

ஆல்வார் வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. விசா முடிவதற்குள் சாட்சியம் பெற வேண்டிய கட்டாயம் அங்கு உண்டு. ஊர் திரும்பியவரிடம் காணொளி வழியே சாட்சியம் பெறலாம் என 2003லேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஒரு மாதத்தில் முடிக்க முடியும் என்பதற்கு ஆல்வார் சான்று. அப்படியானால் 19 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை நிர்வாகச் சிக்கல் என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்த இடைவெளி பெரும்பாலும் காவல் நிலையத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறது. வெளிநாட்டவருக்குப் பின்னால் தூதரகம் இருக்கிறது. சேரிப் பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்கள் நாம்; ஆகவே சிலவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் அளிக்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பெண் அதிகாரி பதிவுசெய்ய வேண்டும்; மறுக்கும் காவலருக்கு நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, கடமை தவறிய அரசு ஊழியர் அப்பிரிவுகளைச் சேராதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் பொருந்தும்.

நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் வாக்குவாதத்தில் நேரத்தை இழக்க வேண்டாம். அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். மறுத்தவர் பெயரையும் நேரத்தையும் அதில் குறிப்பிடுங்கள். அஞ்சல் ரசீதைப் படமெடுத்து இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யும்போது முதலில் கேட்கப்படுவது அந்த ரசீதுதான்.