சங்கரன்கோவிலுக்கு எத்தனை பைட்?

நம்ம ஊர்ப் பேரை ஒரு கேர் அரேயில் போட்டு, அதை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, உள்ளே சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்க. 64 பிட் மெஷினில் 8 என்று வரும். ச, ங், க, ர, ன், கோ, வி, ல் என்று விரல் விட்டு எண்ணினாலும் 8 எழுத்துதான். சரியா வந்துருச்சுன்னு ரெக்கார்டு நோட்டில் எழுதிடுவோம்.

ஆனா அது எழுத்து எண்ணிக்கையே இல்ல. ஃபங்ஷனுக்குள் அரே போவதில்லை. அதன் முதல் பைட்டின் முகவரி மட்டும்தான் போகுது. அந்த முகவரியின் அளவுதான் 8 பைட். தென்காசின்னு போட்டாலும் அதே 8 வரும். உண்மையில் யூடிஎஃப்-8ல் சங்கரன்கோவில் 13 குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 39 பைட். கடைசிப் பூஜ்யத்தோட 40. அதனாலதான் நீளத்தைத் தனியா இன்னொரு ஆர்க்யுமென்டாக அனுப்பணும்.

நம்ம சி லேப்பில் இது ஏன் தெரியாம போகுது? பத்து நம்பரை வாங்கி வரிசைப்படுத்துறோம். எத்தனை நம்பர்னு முதலிலேயே கேட்டு வச்சுக்கிறதால எதுவும் உடையறதில்ல. அந்தப் பயிற்சிகளில் ஒன்றையாவது எடுத்துட்டு, தமிழ்ச் சொல்லை பைட் பைட்டாகப் படிக்கச் சொல்லணும் என்பது என் கருத்து.

'ச' 224, 174, 154 என்று மூணு பைட்டாக இருக்கும். முதல் பைட்டில் கீழ் 4 பிட், மற்ற ரெண்டில் கீழ் 6 பிட் எடுத்தா 0, 46, 26. 46ஐ 6 பிட் இடப்பக்கம் தள்ளி 26ஐச் சேர்த்தா 2970. அதுதான் யூனிகோடில் 'ச'. இதிலும் ஒரு பொறி உண்டு. வெறும் கேர்னு அறிவிச்சா நம்ம பிசியில் 224 என்பது -32 ஆயிடும். முதல் பைட் 224தானான்னு கேட்கிற இஃப் ஒருநாளும் உண்மையாகாது. அன்சைன்டு கேர் வேணும்.

யூடிஎஃப்-16 ஃபைலில் இன்னும் வேடிக்கை. பெரிய பைட் முதலில் வரும் முறையில் 'ச' 11, 154 என்று இருக்கும். 11ஐ 8 பிட் தள்ளி 154ஐச் சேர்த்தா அதே 2970. தள்ளுறதுக்குச் சோம்பல்பட்டு பாயின்டரை காஸ்ட் பண்ணினா, இன்டெல் மெஷின் சின்ன பைட்டை முதலில் வச்சுப் படிச்சு 39435 தரும். அந்த எண்ணில் இருப்பது ஒரு சீன எழுத்து!

"பைத்தானில் இதெல்லாம் தேவையில்லயே"ன்னு சிலர் சொல்வாங்க. அங்கே லென் போட்டா 13 வரும். அதுவும் 8 இல்ல.

ஏதோ ஒரு ரசீதில் ஊர்ப் பேருக்கு 20 பைட் ஒதுக்கினா 'சங்கரன' வரைக்கும் 18 பைட் போயிடும். மிச்ச ரெண்டு பைட்டில் புள்ளி பாதியாக வெட்டுப்பட்டு, ஒரு கட்டமோ கேள்விக்குறியோ நிற்கும். அந்த புரோகிராமை நாளைக்கு எழுதப் போறது நம்மில் ஒருத்தர்தான். சிலபஸ் மாறும் வரைக்கும் காத்திருக்க வேணாம். அடுத்த வைவாவில் இந்த 8 எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு கேள்வி கேளுங்க சார்.