வானத்துக் காவிரி வராதது ஏன்?

வானத்தில் இடி முழங்குகிறது. நாற்றங்காலில் குனிந்து நிற்கும் மூதாட்டி நிமிர்ந்து பார்க்கிறாள். கருமேகம் இல்லை, மழைக்குறி இல்லை. தஞ்சை விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானம் வடதிசை நோக்கிப் பாய்கிறது. அவள் மீண்டும் குனிகிறாள். அவளுக்கு வேண்டியது தண்ணீர். வானம் தந்ததோ ஓசை!

அதே ஓசை நமது வகுப்பறைக் கூரையையும் அதிரச் செய்தது. கரும்பலகையிலிருந்து கண்ணை எடுத்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், அது நம்ம விமானமா?"

"நம் படையின் விமானம். பெயர் சுகோய். வரைந்தவர்கள் ருசியர்கள். அவர்களிடம் உரிமம் பெற்று நாசிக்கில் நாம் கட்டுகிறோம்" என்றோம்.

"நாமே வரைஞ்ச விமானம் இல்லையா சார்?"

"உண்டு. கோவைக்கு அருகே சூலூரில் இருக்கிறது. தேஜஸ் என்று பெயர்."

"அதுக்குள்ள இருக்கிற எந்திரமாச்சும் நம்மளுதா?"

இல்லை என்றோம். உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவன் கேட்ட கேள்வி உட்காரவில்லை. அதைத்தான் இங்கே எழுப்பி நிறுத்துகிறோம்.

எந்திரவியல் நாம் படித்ததில்லை. கலைக்கல்லூரியில் பட்டம் பெற்றுப் பள்ளியில் பாடம் சொல்பவர் நாம். ஆயினும் கூட்டல் தெரியும், கழித்தல் தெரியும். வரவு செலவு என்று இரண்டு பத்தி உண்டு என்பதும் தெரியும். பகுத்தறிவுக்கு இவ்வளவு முதல் போதும்.

கதை 1983இல் தொடங்குகிறது. பழைய மிக் 21 விமானங்களுக்கு மாற்றாக இலகுரகப் போர் விமானம் ஒன்றை நாமே செய்வோம் என்று டில்லி முடிவு செய்தது. தொடக்கத்தில் ரூ. 560 கோடி ஒதுக்கினார்கள். முதல் மாதிரி விமானம் வானேறிய நாள் 2001 ஜனவரி 4. 2003இல் பிரதமர் வாஜ்பாய் அதற்கு வடமொழிப் பெயர் சூட்டினார். முதற்படையணி அமைந்தது 2016 ஜூலை 1இல்; அன்று அதன் கையில் இருந்தவை இரண்டே விமானங்கள்! திட்டம் பிறந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அன்று வயது 33.

அத்தோடு முடிந்ததா? 2021 பிப்ரவரியில் மேம்பட்ட விமானங்கள் 83 வாங்க ஏறத்தாழ ரூ. 48,000 கோடிக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். 2024 மார்ச்சுக்குள் முதல் விமானங்கள் வரவேண்டும். 2025ஆம் ஆண்டு முடிந்தபோதும் ஒன்றுகூடப் படையின் கைக்கு வரவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில், பெங்களூர் விமானக் கண்காட்சியில், விமானப்படைத் தலைவரே உற்பத்தி நிறுவனத்தின்மீது நம்பிக்கை இல்லை என்னும் பொருள்படக் குறைபட்டுக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில், வராத 83க்கு மேல் இன்னும் 97 விமானங்களுக்கு ரூ. 62,370 கோடியில் ஒப்பந்தம் எழுதினார்கள். மறுநாளே கடைசி மிக் 21 விமானங்களும் ஓய்வு பெற்றன. 42 படையணிகள் இருக்கவேண்டிய இடத்தில் 29 எஞ்சின.

இதைச் சொன்னால் இரண்டு கூட்டத்தார் நம்மீது பாய்கிறார்கள்.

முதற் கூட்டத்தார், "படைக்கலத்துக்கு விலை கேட்பவன் தேசத் துரோகி" என்கிறார்கள். இரண்டாம் கூட்டத்தார், "நம்மவர்களால் ஆகுமா? வெள்ளைக்காரனிடம் வாங்கிவிடுவதே நல்லது" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஒருவர் கேள்வியைக் கொல்கிறார். மற்றவர் முயற்சியைக் கொல்கிறார். முன்னவர் விமானத்தைச் சாமியாக்குகிறார். பின்னவர் அயல்நாட்டானைச் சாமியாக்குகிறார். இரண்டு கோயிலிலும் நமக்கு வேலை இல்லை!

முதற் கூட்டத்தாருக்குச் சொல்கிறோம். விலை கேட்டது நாமல்ல; அரசியல் சட்டம் அமர்த்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். 2015 மே மாதம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவரது அறிக்கை, இவ்விமானத்தின் முதல் வடிவத்தில் 53 முக்கியக் குறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டதை எடுத்துக்காட்டியது. எடை கூடியது, எரிபொருள் கொள்ளளவு குறைந்தது, விமானிக்கு முன்புறப் பாதுகாப்புப் போதவில்லை, பகைவனின் மின்னணு வலையிலிருந்து தப்பும் கருவி முழுமை பெறவில்லை என்று பட்டியல் நீண்டது. உள்நாட்டுப் பங்கு 70 விழுக்காடு என்று மார்தட்டினார்களே, அது உண்மையில் ஏறத்தாழ 35 விழுக்காடுதான் என்றும் அவ்வறிக்கை சொன்னது.

தஞ்சைத் தரணி வாழ் தோழர்களே! நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டையோடு காத்துக் கிடந்தவர்கள் நீங்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன நடக்கும்? மூட்டை ஒதுக்கப்படும். எதிர்பாராத மழை பெய்தது, களம் காயவில்லை, நெல் முளைவிடுகிறது என்று உழவன் கைகூப்பினாலும், வரம்பைத் தளர்த்த டில்லியின் அனுமதி வேண்டும். அங்கிருந்து குழு வரவேண்டும். நெல்லைக் கையில் எடுத்து ஆராயவேண்டும். உழவனின் ஒரு குறைக்கு இத்தனை சோதனை! 53 குறைகளுக்கு ஒரே கையெழுத்து! நெல்லுக்கு உள்ள தராசு போர் விமானத்துக்கு வேண்டாமா என்று கேட்டால் அதற்குத் துரோகம் என்று பெயரா?

இனி இரண்டாம் கூட்டத்தார் பக்கம் திரும்புவோம். நம்மவர்களால் ஆகாது என்பது பொய். 1998இல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தபின் அமெரிக்கா தடை விதித்தது. பறத்தலைக் கட்டுப்படுத்தும் கணினி முறைக்காக அங்கே பணிபுரிந்த நம் அறிஞர்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் திரும்பி வந்து, அந்த வேலையை இங்கேயே முடித்துக் காட்டினார்கள். 2001 முதல் 2024 மார்ச் வரை, ஆயிரக்கணக்கான பறத்தல்களில் ஒரு தேஜஸ்கூட விழவில்லை. இந்தத் திறமைக்குத் தலைவணங்குகிறோம். நம்மவரின் அறிவு தோற்கவில்லை. தோற்றது அவர்களை ஆட்டிவைத்த நிர்வாகம். எங்கே தோற்றது என்று பார்க்க வேண்டுமானால் விமானத்தின் நெஞ்சைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த நெஞ்சுக்கு அவர்கள் வைத்த பெயர் காவிரி! ஆம், தோழர்களே, நம் ஆற்றின் பெயர்தான். விமானத்துக்கான எந்திரத்தை நாமே செய்வது என்று 1989இல் முடிவாயிற்று. மதிப்பீடு ரூ. 382.81 கோடி. 1996 இறுதிக்குள் முடிக்கவேண்டும். முடிந்ததா? மதிப்பீடு ரூ. 2,839 கோடியாக உயர்ந்தது, ஆண்டுகள் ஓடின, எந்திரத்தின் எடை கூடியது, உந்துவிசை குறைந்தது. 2008இல் விமானத் திட்டத்திலிருந்தே காவிரியைக் கழற்றிவிட்டார்கள். இன்று அதன் ஒரு வடிவத்தை ஆளில்லா விமானத்துக்குப் பொருத்த முயல்கிறார்கள். தேஜஸின் உள்ளே உறுமுவது அமெரிக்க எந்திரம்.

மண்ணில் ஓடும் காவிரிக்கு நடுவர் மன்றம் அமைந்தது 1990இல். இறுதித் தீர்ப்பு வந்தது 2007இல். வானத்துக் காவிரி தொடங்கியது 1989இல்; கைவிடப்பட்டது 2008இல். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருந்த நமக்கு, இரண்டு காவிரியும் ஒரே பாடத்தைத்தான் சொல்லித்தந்தன: டில்லியின் வாக்குறுதிக்கு நாள் உண்டு, நாளுக்குப் பொறுப்பாளி இல்லை!

எந்திரம் செய்வது எளிதன்று என்பதை மறுக்கவில்லை. அதன் உள்ளே சுழலும் தகடுகள், தாம் செய்யப்பட்ட உலோகமே உருகும் வெப்பத்தையும் மிஞ்சிய காற்றில் நின்று சுழலவேண்டும். உலை கொதிக்கும்போது பானை உருகாமல் இருக்கவேண்டும் என்பது போன்ற வித்தை அது. உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க நாடுகளே அதில் தேறியிருக்கின்றன. அப்படியானால், இத்தனை அரிய வேலைக்கு எத்தகைய ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்திருக்கவேண்டும்? உயர்வானச் சோதனைக்கு வசதி இங்கே இல்லை. எந்திரத்தைப் பெட்டியில் அடைத்து ருசியாவுக்கு அனுப்பினார்கள். 2004இல் அங்கே நடந்த சோதனையில் அது தேறவில்லை. பறக்கும் விமானத்தில் பொருத்திப் பார்க்கவும் 2010இல் ருசியாவுக்கே சென்றார்கள். சோதனைக் குழாய் இல்லாத பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியரின் அவலம் நமக்குத் தெரியும். அதே அவலத்தில் நாட்டின் அறிஞர்களை நிறுத்திவிட்டு, அவர்கள் தேறவில்லை என்று சிரிப்பது நியாயமா?

கணக்கைப் பாருங்கள். காவிரி எந்திரத்துக்கு இருபது ஆண்டுக்கு மேல் செலவிட்ட தொகை ரூ. 2,000 கோடியைச் சற்றே தாண்டும். 2016இல் பிரான்சிடம் 36 ரபேல் விமானங்கள் வாங்கினோம், ஏறத்தாழ ரூ. 59,000 கோடி. ஆயுதமும் பராமரிப்பும் சேர்த்து ஒன்றுக்கு ரூ. 1,600 கோடிக்கு மேல். ஆண்டு வேறு, ரூபாயின் மதிப்பு வேறு என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறோம்: எந்திரம் செய்யும் கலைக்கு ஒரு தலைமுறை முழுதும் நாடு கொடுத்தது இரண்டு ரபேலின் விலைகூட இல்லை! 2021இல் 99 அமெரிக்க எந்திரங்களுக்கு எழுதிய ஒப்பந்தம் ரூ. 5,375 கோடி. அதன் முதல் எந்திரம் 2025 மார்ச்சில்தான் வந்தது. எந்திரம் வராததால் விமானம் நின்றது என்றார்கள். பிறர் நெஞ்சை நம்பிப் பிழைப்பவன், பிறர் மூச்சுவிடும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தத் தவறு புதியதும் அன்று. 1961 ஜூன் 17இல் மருத் என்னும் போர் விமானம் பெங்களூரில் வானேறியது. ஜெர்மானிய அறிஞர் குர்ட் டாங்க் வரைந்தது. நம் தொழிலாளர் கட்டியது. உடல் நல்ல உடல். எந்திரம்தான் வலுவற்ற எந்திரம். வலுவான எந்திரத்தை உருவாக்கப் பிரிட்டிஷ் நிறுவனம் பங்குத்தொகை கேட்டபோது டில்லி கைவிரித்தது. 147 விமானங்களோடு அந்தக் கதை முடிந்தது. அந்த அனுபவம் ஏட்டில் இருந்தும், கால் நூற்றாண்டுக்குப் பின் அதே குழியில் மீண்டும் விழுந்தார்கள். கல்லாதவன் இடறினால் இரங்கலாம். கணக்கெழுதி வைத்தவனே இடறினால்?

"சோற்றுக்கே அல்லாடும் நாட்டுக்குப் போர் விமானம் எதற்கு?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பார்கள். கேள்வி நேர்மையானது. நாமும் போரை விரும்பவில்லை. ஆனால் செய்வதை நிறுத்தினால் செலவு நிற்காது, வாங்குவது தொடரும். அப்போது நம் உழவன் தந்த வரிப்பணம் பாரிசுக்கும் மாஸ்கோவுக்கும் போகும். நம் தொழிற்கூடத்துக்கு வராது. ஆகவே, செய்! ஆனால் கணக்குக் கொடுத்துச் செய்!

கணக்குச் சொன்னால் படையின் மானம் போய்விடும் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். அவர்களது எஃப் 35 விமானமும் காலதாமதத்திலும் செலவிலும் பேர்போனதுதான். அதன் குறைகளை அவர்களது தணிக்கை அலுவலகம் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடுகிறது. 2023 மார்ச்சில் அவ்விமானங்களில் ஏறத்தாழ 55 விழுக்காடே பணிக்கு ஆயத்தமாக இருந்தன என்று ஊரறியச் சொன்னது. அமெரிக்கப் படை கலைந்துவிட்டதா? சுவீடனின் கிரிபென் விமானம் 1989இல் விழுந்தது. 1993இல் தலைநகர் ஸ்டாக்ஹோமில், வேடிக்கை பார்த்த மக்கள் கண்ணெதிரே மீண்டும் விழுந்தது. பறத்தலைக் கட்டுப்படுத்தும் முறையில் குறை என்று கண்டார்கள், சொன்னார்கள், திருத்தினார்கள். அதே விமானத்தைப் பின்னர்ப் பல நாடுகள் வாங்கின.

நாம் என்ன செய்தோம்? 2019 அக்டோபரில் பிரான்சு நாட்டில் முதல் ரபேலைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். விஞ்ஞானம் செய்த விமானத்துக்குக் காவல், கொடியில் காய்க்காத கனி! எலுமிச்சை கண்ணேறு கழிக்கும் என்றே வைத்துக்கொள்வோம், காலதாமதத்தைக் கழிக்குமா?

2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே முதல் தேஜஸ் விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். 2025 நவம்பர் 21இல் துபாய் கண்காட்சியில், உலகத்தார் பார்த்திருக்க, மற்றொன்று விழுந்தது. நம் சூலூரிலிருந்து சென்ற விமானி உயிரிழந்தார். அந்த வீரருக்கு மலர்வளையம் வைத்தார்கள், சரி. அந்த வீரருக்கு நாடு தரவேண்டிய உண்மையான மரியாதை, ஏன் விழுந்தது என்ற விடை.

ஆகவே கேட்கிறோம். விபத்து விசாரணையின் முடிவுகளை, படை இரகசியம் நீக்கி, மக்கள் முன் வையுங்கள். தணிக்கையாளரின் அறிக்கையை அலமாரியில் உறங்கவிடாமல் நாடாளுமன்றத்தில் விவாதியுங்கள். ஒவ்வொரு கெடுவுக்கும் பொறுப்பானவரின் பதவியை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எந்திரச் சோதனைக்கூடத்தை இந்த மண்ணில் கட்டுங்கள். ஆட்சி மாறினாலும் மாறாத ஆண்டுத் தொகையை அதற்கு ஒதுக்குங்கள்.

இளைஞர்களே! கல்லுக்கு ஊற்றும் பாலுக்குக் கணக்குக் கேட்கக் கற்றவர்கள் நீங்கள். இரும்புக்கு ஊற்றும் கோடிக்கும் கேளுங்கள். கோபுரமானாலும் விமானமானாலும், உயரத்தில் இருக்கிறது என்பதற்காகக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

நாளையும் தஞ்சை வானம் அதிரும். அந்த மாணவன் மீண்டும் எழுந்து நிற்பான். "நம்மளுதா சார்?" என்பான். ஒரு நாளேனும் அவனுக்கு, "ஆம், உடலும் நம்முடையது, நெஞ்சும் நம்முடையது, கணக்கும் நம்முடைய கையில்" என்று பொய் கலவாமல் சொல்லவேண்டும். அந்த நாள் வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்!