டில்லி வாசலிலே தொங்கும் தராசு

கடப்பாக்கத்துக் கரையிலே வலை உலர்த்துகிறவனுக்கோ, செய்யூர் வட்டத்து உப்பளத்திலே கால் வெடிக்க உழைக்கிறவனுக்கோ ஒரு வழக்கு வந்துவிடுகிறது. மதுராந்தகம் போவான், செங்கல்பட்டு போவான். பொழுது சாய வீடு திரும்புவான். அப்பீல் என்றால் சென்னை உயர்நீதிமன்றம். அதுவும் ஒரு நாள் பயணந்தான். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறதே, அந்தப் படியை மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், டில்லியிலே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்!

வெள்ளையன் ஆண்ட நாளிலே இறுதி அப்பீல் லண்டனுக்குப் போயிற்று. பிரிவி கவுன்சிலின் அதிகாரம் 1949-லே ஒழிந்தது. 1950 ஜனவரியிலே சுப்ரீம் கோர்ட் பிறந்தது. கடல் தாண்டும் தொல்லை தீர்ந்தது, மறுக்கவில்லை. மடியிலே காசில்லாதவனுக்கு லண்டன் என்ன, டில்லி என்ன?

அப்பீல் என்பது வக்கீல்களின் சொற்போர் அல்ல, உயிர்ப் பிரச்சினை. ராஜீவ் காந்தி கொலை வழக்கிலே, பூவிருந்தவல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியிலே 26 பேருக்கும் தூக்கு என்றது. தடா சட்டப்படி உயர்நீதிமன்றம் என்ற நடுப்படியே கிடையாது, நேரே டில்லிதான். 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: நால்வருக்குத் தூக்கு உறுதி, மூவருக்கு ஆயுள் தண்டனை, மற்ற 19 பேர் மீதும் கொலைச் சதிக் குற்றம் நிற்காது! மேலே ஒரு கோர்ட் இல்லாதிருந்தால் அந்த 19 கழுத்துகள் என்னவாகியிருக்கும்? நாடே பார்த்த வழக்கு அது. நிதி திரட்டி நடத்தினார்கள். பெயர் தெரியாத கூலிக்காரனுக்கு யார் உண்டியல் குலுக்குவது?

சுப்ரீம் கோர்ட்டிலே வக்கீல் வைத்து வழக்குப் போட, அதற்கெனப் பதிவு பெற்ற வக்கீல் வேண்டும். அவர் அலுவலகம் அந்தக் கோர்ட்டிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டுமென்பது விதி. ஆக, செங்கல்பட்டு வக்கீல் கட்டைச் சென்னைக்கு அனுப்ப, சென்னை வக்கீல் டில்லிக்கு அனுப்ப, கை மாறும் இடமெல்லாம் பீஸ். தமிழிலே சொன்ன சாட்சியத்தை ஆங்கிலமாக்கும் கூலி வேறு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், சிறையிலிருப்போருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. கிளைச் செயலாளர்கள் இதை ஊரிலே எடுத்துச் சொல்லவேண்டும்.

வீடியோவிலே வாதாடலாமே என்பார்கள். நல்லது, வரவேற்கிறோம். திரையிலே முகம் தெரிந்தால் பீஸ் குறைந்துவிடுமா?

2009-லே சட்டக் கமிஷன் தனது 229-ஆவது அறிக்கையிலே வழி சொன்னது. அரசியல் சட்ட வழக்குகள் டில்லியிலேயே இருக்கட்டும். உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் மீதான அப்பீல்களை மட்டும் நான்கு திசைகளிலும் அமர்வுகள் அமைத்து விசாரிக்கலாம் என்றது. 2010-லே சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் கூடி, பிராந்திய அமர்வு வேண்டாமென்றார்கள். கோர்ட்டின் ஒருமை குலையுமாம்! 2004 ஜூலையிலே மதுரைக் கிளை திறந்தார்களே, சென்னை உயர்நீதிமன்றம் இரண்டாக உடைந்தா போயிற்று? கன்னியாகுமரிக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு எழும்பூர் வந்திறங்குவதுதான் நின்றது.

அரசியல் சட்டத்திலே ஓர் எழுத்தையும் திருத்தவேண்டியதில்லை. 130-ஆவது விதி தெளிவாக இருக்கிறது. தலைமை நீதிபதி இடம் குறிக்க, குடியரசுத் தலைவர் இசைந்தால், சுப்ரீம் கோர்ட் டில்லிக்கு வெளியேயும் அமரலாம். தேசிய அப்பீல் கோர்ட் கேட்ட மனுவொன்று 2016 ஜூலையிலே அரசியல் சட்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்தக் கட்டு என்னவாயிற்று, சென்னையிலே அமர்வு எந்த நாள் என்று நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலே எழுந்து கேட்கவேண்டும்.