தெளிந்த நீரெல்லாம் தூய நீராகுமா?

ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை முகந்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். தூசியில்லை, துரும்பில்லை, நிறமில்லை. உடனே, "நல்ல தண்ணீர்தான்" என்று தீர்ப்பளித்து விடுகிறோம். வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிறோம்; கைக்குழந்தையின் மருந்தையும் அதிலேயே கரைக்கிறோம். கண்ணை மட்டும் நம்பி வழங்கப்படும் இத்தீர்ப்பு சரியானதுதானா என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

ஃபிக்ஹு நூல்களில் தண்ணீரைப் பற்றிய பாடம் தொடக்கத்திலேயே வருகிறது. நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றும் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும்படி நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த அளவுகோல் வணக்கத்திற்குரிய தூய்மையை அறிவதற்கானது. கடல்நீரில் ஒளூச் செய்யலாம். அதைக் குடித்து உயிர் வாழ இயலாது. பள்ளிவாசல் ஹவுளிலுள்ள நீர் ஒளூச் செய்வதற்கு முற்றிலும் தகுதியானது. அதனாலேயே அது குடிநீராகிவிடாது. இவ்விரு தூய்மைகளையும் ஒன்றெனக் கருதிக் குழப்பிக் கொள்வோர் நம்மில் பலர்.

இது சிறிய குழப்பமன்று. உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து வயதை எட்டாத குழந்தைகளில் ஆண்டுதோறும் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கு நோயால் உயிரிழக்கின்றனர். அந்நோயின் பெரும்பகுதி குடிக்கும் நீரிலிருந்தும் கழுவாத கைகளிலிருந்துமே வருகிறது.

தண்ணீரில் கலந்திருக்கும் கேடுகளை மூவகையாகப் பிரித்துக் கொள்ளலாம். மண், தூசி, பாசி, பூச்சி போன்று மிதப்பனவும் படிவனவும் முதல் வகை. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் இரண்டாம் வகை. நீரோடு நீராகக் கரைந்துவிட்ட உப்புகளும் உலோகங்களும் மூன்றாம் வகை. ஒன்றை நிறுத்தும் வடிகட்டி மற்றொன்றை வழிவிட்டு அனுப்பிவிடும். இதை உணராமல் எந்தக் கருவியை வாங்கினாலும் பணமும் வீண். அதைவிடக் கேடானது, வடிகட்டிவிட்டோம் என்ற பொய்யான நிம்மதி.

கலங்கலைத் தெளிவித்தல்

முதல் வகைக் கேட்டிற்கு நம் முன்னோர் நல்ல வழி கண்டிருந்தனர். ஆற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ கொண்டுவந்த கலங்கல் நீரை ஊற்றுவதற்கு முன், பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். சிறிது நேரத்தில் வண்டலெல்லாம் அடியில் தங்கும். மேலே தெளிநீர் நிற்கும். கலித்தொகையிலேயே இக்காட்சி உவமையாக வந்திருப்பதால் இவ்வழக்கத்தின் பழமை விளங்கும். படிகாரத்தைப் போடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. தனித்தனியே மிதந்து கொண்டிருக்கும் நுண்ணிய மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனம் கூடி, கீழே இறங்கிவிடுகின்றன. பெரிய நகரங்களின் நீரேற்று நிலையங்களில் இன்றும் படிகாரமே இப்பணியைச் செய்கிறது.

கலங்கல் படியும்போது கிருமிகளில் ஒரு பகுதியும் அதனோடு படியும். ஆனால் எஞ்சியவை தெளிநீரிலேயே இருக்கும். ஆகவே தெளிவித்தல் முதற்படியே தவிர முடிவான படியன்று.

பழஞ்சேலை செய்த பணி

வங்காள தேசத்தில் மத்லப் என்னும் பகுதி உண்டு. குளத்து நீரையும் ஆற்று நீரையும் நம்பி வாழும் சிற்றூர்கள் நிறைந்த அப்பகுதியில் காலரா அடிக்கடி தலைகாட்டும். அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல் அம்மையாரும், வங்காள தேசத்தைச் சேர்ந்த அன்வர் ஹக் முதலிய அவருடைய துணைவர்களும் அங்குள்ள 65 கிராமங்களில் மூன்றாண்டுக் காலம் ஒரு சோதனை நடத்தினர். சுமார் 1,33,000 மக்கள் அதில் அடங்குவர்.

அவர்கள் கொண்டு சென்றது விலையுயர்ந்த இயந்திரமன்று. வீட்டிலுள்ள பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, அதன் வழியே நீரை ஊற்றும்படி பெண்களுக்குக் கற்பித்தனர். 2003ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அவ்வாறு வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. தனியாகச் செய்து கொடுத்த நைலான் வலையைவிடப் பழஞ்சேலை சற்றும் குறைந்ததாக இல்லை.

காலராக் கிருமி சேலையில் சிக்கிவிடுமா என்ற ஐயம் எழலாம். சிக்காது. மடித்த சேலையின் துளை சுமார் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிருமியின் நீளமோ ஒன்று முதல் மூன்று மைக்ரான்தான். ஆயினும் குளத்து நீரில் அக்கிருமிகளில் பெரும்பாலானவை, தெள்ளுப் பூச்சியைப் போன்ற நுண்ணிய நீருயிர்களின் உடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவ்வுயிர்கள் சேலையில் தங்கிவிடுவதால் அவற்றைப் பற்றியிருந்த கிருமிகளும் தங்கிவிடுகின்றன. புதிய சேலையைக் காட்டிலும் பழைய சேலை சிறந்தது. பலமுறை துவைத்ததால் நூலிழைகள் பஞ்சுபோல் விரிந்து துளைகளைச் சிறிதாக்கிவிடுகின்றன.

நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்ததிலும் துணி வடிகட்டிக்குப் பெரும் பங்குண்டு. அந்நோயின் இளம்புழு ஒருவகை நுண்ணிய நீருயிருக்குள் தங்கி மனிதனின் வயிற்றை அடைகிறது. குடிநீரைத் துணியில் வடிகட்டியும், படிக்கிணறுகளில் மனிதர் இறங்குவதைத் தடுத்தும் இந்தியா அந்நோயை வென்றது. 1996ஆம் ஆண்டிற்குப் பின் இங்கு ஒருவருக்கும் அது வரவில்லை. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

ஆனால் 48 விழுக்காடு குறைந்தது என்றால் மீதி எஞ்சியது என்பதையும் மறத்தலாகாது. தனித்து நீந்தும் கிருமிகளைத் துணி நிறுத்தாது. வேறு வழியற்றவருக்கு அது பெரும் அருட்கொடை. அடுப்பும் விறகும் உள்ளவருக்கு அது மட்டும் போதாது.

ஓர் ஆறு, இரு நகரங்கள்

கிருமியை நிறுத்துவதற்கு மணலால் முடியும் என்பதை உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சி ஜெர்மனியில் நடந்தது. எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்னும் இரு நகரங்கள் ஒட்டியிருந்தன. இரண்டும் குடித்தது ஒரே ஆற்று நீரைத்தான். ஹாம்பர்க் நகரம் ஆற்றின் மேற்பகுதியில் நீரெடுத்து, தொட்டிகளில் தெளியவிட்டு, அப்படியே குழாய்களில் அனுப்பியது. ஆல்டோனாவோ, ஹாம்பர்க்கின் கழிவுகள் கலந்த கீழ்ப்பகுதியில் நீரெடுத்தது. ஆனால் மணற்படுகைகளில் வடிகட்டிய பின்னரே மக்களுக்கு வழங்கியது.

1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,600 பேர் வரை மாண்டனர். ஆல்டோனாவில் இறந்தோர் சில நூறு பேரே. அவர்களிலும் பலர் ஹாம்பர்க் சென்று நோயைப் பெற்று வந்தவர்கள். இரு நகரங்களுக்கும் எல்லையாயிருந்த தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் நோயும் மறுபக்கத்து வீடுகளில் நலமும் இருந்ததை, அரசு அனுப்பிய மருத்துவ மேதை ராபர்ட் கோக் பதிவு செய்தார்.

மணற்படுகையில் நீர் மிக மெதுவாக இறங்கும்போது, மேற்பரப்பில் நுண்ணுயிர்களாலான வழுவழுப்பான ஓர் ஏடு படிகிறது. கிருமிகளைப் பிடித்து அழிப்பதில் பெரும் பங்கு அவ்வேட்டினுடையது. ஏடு தடித்து நீர் இறங்காதபோது மேல் மணலைச் சுரண்டி எடுத்து, புதிய ஏடு படியும்வரை காத்திருக்க வேண்டும். இதில் தவறினால் என்னவாகும்? அடுத்த குளிர்காலத்தில், 1893ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சுத்தம் செய்யும் வேளையில் உறைபனியால் ஒரு மணற்படுகை சீர்கெட்டது. முன்பு தப்பிய அதே ஆல்டோனாவில் காலரா பரவிற்று. வடிகட்டி இருப்பது மட்டும் காவலன்று. அதைப் பேணுவதே காவல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத நஞ்சு

மூன்றாம் வகைக் கேடு எல்லாவற்றினும் வஞ்சகமானது. இதற்கும் வங்காள தேசமே சான்று. குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்காக 1970களிலிருந்து அங்கே இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. பளிங்கு போன்ற நீர் கிடைத்தது. நிறம், சுவை, வாடை எதிலும் குறையில்லை. ஆனால் 1993ஆம் ஆண்டில், அந்நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பது உறுதியாயிற்று. பூமியின் அடுக்குகளிலிருந்தே கரைந்து வந்த நஞ்சு அது. பல்லாண்டுகள் குடித்தவர்களின் உள்ளங்கைகளிலும் பாதங்களிலும் தோல் தடித்தது, புற்றுநோயும் தொடர்ந்தது. பின்னர் சுமார் 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, நஞ்சு மிகுந்தவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன.

இந்நஞ்சைத் துணி நிறுத்தாது. கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் ஆவியாகிக் குறைவதால் நஞ்சின் செறிவு கூடவே செய்யும். அந்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான அபுல் ஹுஸ்ஸாம், இரும்புத் துருவல், மணல், கரி, செங்கல் துண்டுகள் ஆகியவற்றை இரு வாளிகளில் அடுக்கிச் 'சோனோ' என்னும் வடிகட்டியை உருவாக்கினார். இரும்பின் துரு ஆர்செனிக்கைப் பற்றிக் கொள்கிறது. 2007ஆம் ஆண்டில் இதற்காகக் கிடைத்த பத்து இலட்சம் டாலர் பரிசின் பெரும்பகுதியை, ஏழை மக்களுக்கு அவ்வடிகட்டிகளை வழங்கவே அவர் செலவிட்டார்.

நம் நாட்டிலும் இவ்வகைக் கேடு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு நோயும் உண்டாக்கியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததன் முக்கிய நோக்கம் அதைத் தவிர்ப்பதே.

நம் இல்லங்களில்

இனி, இல்லத்தரசிகளான சகோதரிகள் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

கலங்கல் நீரானால் முதலில் தெளியவிட்டு, நான்கு மடிப்புப் பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். துணியை நாள்தோறும் அலசி வெயிலில் உலர்த்துங்கள். முன்பு கட்டிய பக்கத்தைப் புரட்டிக் கட்டாதீர்கள். பின்னர் நன்றாகக் கொதித்துக் குமிழியிட்டு எழும்வரை காய்ச்சி, ஒரு நிமிடம் கழித்து இறக்கித் தானாக ஆறவிடுங்கள். கிருமிகளுக்கு இதைவிட நம்பகமான வழி வீட்டில் இல்லை.

மெழுகுவர்த்தி வடிவிலுள்ள பீங்கான் வடிகட்டி பெரும்பாலான கிருமிகளை நிறுத்தும், வைரஸ்களை நிறுத்தாது. மென்மையான தூரிகையால் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; விரிசல் கண்டால் அன்றே மாற்ற வேண்டும். புற ஊதாக் கதிர்க் கருவி கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் கலங்கல் நீரில் தூசியின் நிழலில் கிருமிகள் தப்பிவிடும். உப்பையும் அது குறைக்காது.

ஆர்.ஓ. எனப்படும் கருவியே கரைந்த உப்பை நீக்கவல்லது. கடலோர ஊர்களில் உப்புநீர் ஊறும் வீடுகளுக்கு அது தேவைப்படலாம். ஆனால் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் நீரை வெளியே தள்ளும் கருவிகள் பல. அந்நீரைப் பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் சேமித்து வையுங்கள். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருள் இருக்கலாம். அதற்குட்பட்ட நீருக்கு, வேறு நஞ்சு கலவாதிருந்தால், அக்கருவி வேண்டியதில்லை.

எனவே கருவி வாங்குவதற்கு முன் நீரைச் சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக் கொள்ளலாம். மஹல்லாவில் பத்து வீட்டார் ஒரே ஆழ்துளைக் கிணற்றைப் பயன்படுத்துவதானால், ஒருவர் சோதித்தாலே பத்து வீட்டிற்கும் விடை கிடைக்கும். விற்க வருபவரிடம், "இது எதை நீக்கும்?" என்று மட்டும் கேளாமல், "எதை நீக்காது?" என்றும் கேளுங்கள்.

இறுதியாக, வடிகட்டிக் காய்ச்சிய நீரில் கைவிட்டு முகந்தால் செய்த வேலையெல்லாம் வீணே. மூடியுள்ள பாத்திரமும் நீண்ட பிடியுள்ள அகப்பையும், அல்லது அடியில் குழாய் வைத்த பானையும் போதும். பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கத்தை இன்றே கற்றுக் கொடுங்கள்.