சுவரிலிருந்து ஒரு பிரஷ்

பாலியல் வன்கொடுமைச் செய்தி ஒன்று வந்த சில மணி நேரத்தில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர்கள் வந்துவிடுகின்றன. பாதிக்கப்பட்ட பெண்ணின் போட்டோவுக்கு ஓவியம் மாதிரி ஒரு ஃபில்டர் போட்டு, கீழே 'நீதி வேண்டும்' என்று எழுதிப் பரப்புகிறோம். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஃபில்டர் போட்ட முகமும் முகம்தானே? அவருடைய அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பள்ளியையும் வசிக்கும் பகுதியையும்கூடச் சொல்லக் கூடாது என்கிறது.

அதனால்தான் தோழர்களே, வரையக் கற்றுக்கொள்வோம் என்கிறோம். "எங்களுக்கு வரைய வராது" என்பீர்கள். டிஜிட்டல் ஓவியத்தில் பாதி வேலையை பிரஷ்ஷே செய்துவிடும். அந்த பிரஷ்ஷை நம் போட்டோக்களிலிருந்து நாமே செய்துகொள்ளலாம். க்ரிட்டா என்ற மென்பொருள் இலவசம். காசு கட்டி பிரஷ் வாங்க வேண்டியதில்லை.

காரை பெயர்ந்த சுவர், பனையோலைக் கூரை, சாக்கு, துருப்பிடித்த தகரம் எதுவும் உதவும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், நேராக நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வெயில் நேர் எதிரே அடித்தால் மேடுபள்ளம் தெரியாது. பிறகு நிறத்தை நீக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, ஒரு சின்னத் திட்டை மட்டும் வெட்டி, ஓரங்களை வெள்ளையாக்கி பிரஷ் முனையாகச் சேமியுங்கள். கறுப்பு இருக்கும் இடத்தில்தான் வண்ணம் விழும், வெள்ளையில் விழாது. (இங்கேயாவது கறுப்புக்கு மரியாதை!) கோணம் தானாக மாறும்படி வையுங்கள்; இல்லாவிட்டால் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போலிருக்கும். முழுப் போட்டோவையும் தனி லேயராகப் போட்டு 'மல்டிப்ளை' கொடுத்தால், கீழே பூசிய வண்ணத்தின் மேல் சுவரின் சொரசொரப்பு வந்து உட்காரும்.

தோல் நிறத்தை மட்டும் போட்டோவிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். கோடாக் நிறுவனம் ஒரு காலத்தில் கலர் பிரிண்ட்டின் அளவுகோலாக வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் வைத்திருந்தது. இன்றைய போன்களின் அழகு ஃபில்டர் நம்மை வெளுக்க வைக்கிறது. அதைச் சரிசெய்யக் கறுப்பைக் கலந்தால் சாம்பல் பூசிய முகம்தான் கிடைக்கும். நிழலுக்குச் செம்பழுப்பும் ஊதாவும் எடுங்கள். வெயிலில் நிற்பவரின் கறுத்த கன்னத்தில் வானத்தின் நீலம் லேசாகத் தெரியும். கூர்ந்து பாருங்கள்.

பிளாக் பேந்தர் கட்சியின் பண்பாட்டு அமைச்சர் எமரி டக்ளஸ் 1967 முதல் கட்சிப் பத்திரிகைக்குத் தடித்த கோடுகளாலும், கடையில் கிடைத்த டெக்ஸ்ச்சர் தாள்களாலும்தான் படம் செய்தார். அந்தக் கட்சியின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏழைக் கறுப்பினத் தாய்மாரையும் பிள்ளைகளையும் அவர் வரைந்தார். குறிப்பிட்ட ஒருவரின் முகமாக இல்லாததால்தான் பார்த்தவர்கள் தங்களையே அதில் கண்டார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

இன்னொன்று: சம்பவம் நடந்த தெருவின் சுவரை எடுக்க வேண்டாம். வீட்டின் வண்ணமும் வாசலும்கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும். வேறு ஊர்ச் சுவர் போதும். அதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்; கேட்காமல் நம் குடியிருப்புகளைப் படமெடுத்துப் போனவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். எதற்கு என்று கேட்டால், வரைந்து முடித்ததும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.